எச்சில் கற்கள்

முன்பின் தெரியாத பலர் நக்கிய கல்லை உங்களிடம் நீட்டினால், நீங்கள் நக்குவீர்களா? எங்கள் துறையில் நக்குவார்கள்.

நான் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் பாறைகளை அடையாளம் காணச் சொல்லித்தரும் ஒப்பந்த ஆசிரியன். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் உள்ள அறையில் இருக்கிறேன். சேர்ந்த அன்றே ஆய்வுக்கூடத்து மரத்தட்டைக் காட்டினார்கள். ஒரு டஜன் கற்கள். எத்தனையோ வருடங்களாக அதே கற்கள். கை அழுக்கு ஏறி எல்லாமே கறுப்பு, எல்லாமே வழவழப்பு. பாறை உப்பை ருசி பார்த்துக் கண்டுபிடிப்பது வழக்கம். அந்தத் துண்டில் நாக்குப் பட்டுப் பட்டுக் கரண்டி போலக் குழி விழுந்திருந்தது. தட்டை விரல்நுனியால் தள்ளி வைத்தேன்.

ஆனாலும் அந்தத் தட்டை வைத்து நடத்தும் தேர்வில் மாணவர்கள் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். எப்படி என்பது, கெஞ்சிக் கூத்தாடி ஒரு பேருந்துக்கு அனுமதி வாங்கி அவர்களை வெளியே கூட்டிப்போனபோதுதான் புரிந்தது.

ரோடு போடுவதற்காக மலையை வெட்டிய இடம். சுவர் மாதிரி சுண்ணாம்புக்கல் நின்றது. பாதிப் பேர் பேருந்தை விட்டே இறங்கவில்லை. இறங்கியவர்களில், எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்குவதால் 'நூத்துக்கு நூறு' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணும் ஒருத்தி.

"இது என்ன கல்லும்மா?"

"தெரியல சார்."

"போன வாரம்தானே தட்டுல கரெக்டா சொன்ன? சுண்ணாம்புக்கல்."

"தட்டுல இருக்கிற கல்லுக்கு மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குமே சார்! மூக்கன்னா சுண்ணாம்பு. சோப்பு மாதிரி இருந்தா பளிங்கு. மூலை உடைஞ்சிருந்தா கருங்கல்."

பின்னால் நின்றவன் சிரித்தான். "சீனியர் அண்ணனுங்க சொல்லிக்குடுத்தது சார். பரம்பரை சொத்து."

அவள் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போனது. சுத்தியலை அவள் கையில் கொடுத்தேன். உடைத்தாள். உள்ளே புதுசாகத் தெரிந்த பக்கத்தில் ஆசிட் சொட்டு விட்டாள். சுர்ரென்று நுரை பொங்கியது; சுண்ணாம்புக்கல்லுக்கு அதுதான் அடையாளம்.

"சீ, மூணு வருஷமா அழுக்கைத்தான் படிச்சிருக்கோம்," என்றாள். அப்புறம் பொழுது சாயும்வரை சுத்தியலை அவள் கீழே வைக்கவே இல்லை.

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், வெளியே போனபோது பொறுக்கிய புதுக் கற்களை வைக்கலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன்.

"பாதிப் பேர் ஃபெயிலாவான். நம்ம துறை மானம் கப்பலேறும். பழைய தட்டையே வைங்க தம்பி. நானும் இதே மூக்கனைப் பார்த்துதான் பாஸ் பண்ணேன்." பாறை உப்பை எடுத்து ஒரு நக்கு நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். "அதே ருசி! உங்க அடுத்த வருஷ ஒப்பந்தம் என் மேஜை மேலதான் இருக்கு. யோசிச்சுக்குங்க."

மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நக்கின கல்லுக்காக உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்காதடா," என்றாள். "உனக்குச் சின்ன வயசுலயே இந்த அருவருப்பு ஜாஸ்தி. என் எச்சில் டம்ளர்ல தண்ணி குடிக்கச் சொன்னதுக்கு வீட்டையே ரெண்டாக்கினவனாச்சே நீ."

"அது உன் எச்சில்க்கா. இது ஊர் எச்சில்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. சரி, வேலை போனா நேரா இங்க வந்துடு. தனியா உக்காந்து சுவத்தைப் பார்த்துட்டு இருக்காத."

தட்டைப் பின்வாசல் படிக்கு எடுத்துப்போனேன். பழைய தட்டுதானே வேண்டும்? வைக்கிறேன். பிரஷ்ஷும் சோப்பும் போட்டு ஒவ்வொரு கல்லையும் தேய்த்தேன். வாளித் தண்ணீர் சாக்கடை நிறமானது. அப்புறம் சுத்தியலால் ஒவ்வொன்றையும் பிளந்தேன். மூக்கனின் மூக்கு முதலில் போனது. கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையும் சிவப்பும் சாம்பலுமாக, பல வருடங்களாக யாரும் பார்க்காத நிறங்கள் வெளியே வந்தன. பாறை உப்பில் நாக்குப் படாத உள்துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி உப்பை வாளிக்குள் போட்டேன். கைகளை மூன்று முறை கழுவினேன். அப்படியும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, உடைத்த கற்களை அதே தட்டில் வைத்துத் தேர்வு நடந்தது. பேருந்தை விட்டு இறங்காதவர்கள் எல்லோரும் தோற்றார்கள். 'நூத்துக்கு நூறு' அறுபத்திரண்டு மதிப்பெண் வாங்கினாள். துறைத்தலைவர் என்னிடமிருந்து ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டார்.