மூன்றாவது குழாய்

மூன்றாவது குழாயும் சாகப்போகிறது என்று திரையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுவரை சாதுவாக இருந்த பிரஷர் எண், இன்று காலையிலேயே படியேறத் தொடங்கியிருந்தது.

பிளாஸ்டிக், ரப்பர் சாம்பிள்களைக் கரைத்து, ஓரடி நீள எஃகுக் குழாய் ஒன்றின் வழியாக அனுப்பிச் சோதிப்பது அவள் வேலை. விற்கிறவர்கள் அதை இங்கிலீஷில் ‘காலம்’ (column) என்பார்கள். ஆய்வகத்தில் அது வெறும் குழாய். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட பொடி மணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். நீளமான மூலக்கூறுகள் எங்கும் நிற்காமல் முதலில் வெளியே வந்துவிடும். குட்டையானவை ஒவ்வொரு துளையிலும் புகுந்து விசாரித்துவிட்டுக் கடைசியில் வரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு வருஷம் உழைக்கிற குழாய், இவள் கையில் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்தை மூடிவிட்டுச் சோதனையை வெளியே கொடுத்துவிடுவார். அவர் மேஜையில் இன்னொரு காகிதமும் கையெழுத்துக்குக் காத்திருந்தது: அவள் கொழுந்தனின் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு. சாம்பிள் கரைக்கும் வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவளே அவள்தான்.

அவள் பார்க்காத இடமில்லை. கரைப்பான் பாட்டிலை மாற்றினாள். பம்பைக் கழற்றி மாட்டினாள். காற்றுக்குமிழி ஏதாவது புகுந்திருக்குமா என்று இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். எப்போதும் எண்ணையே முறைத்துக்கொண்டிருப்பதால் அவளுக்குப் ‘பிரஷர் அக்கா’ என்று பேராகிவிட்டது. ஸ்டோர்காரர் ஒருநாள், அக்காவுக்கு டாக்டரே வேண்டாம், கையை மெஷினில் மாட்டினால் பிரஷர் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

கடைசியாகக் குழாயின் வாயில் இருக்கும் சிறு வடிகட்டியைக் கழற்றினாள். அதில் நிறமில்லாத ஜெல்லி அப்பிக்கொண்டிருந்தது. கரையாத சாம்பிள். கரைப்பது கொழுந்தன். ஒரு தடவை தவறியிருக்கும் என்று மனசு அவனுக்காக வக்காலத்து வாங்கியது. ஆனாலும் கால் சாம்பிள் அறைக்குத்தான் போனது.

வாசலில் நின்று பார்த்தாள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து, சிரிஞ்சில் உறிஞ்சி, முனையில் ஃபில்டரை மாட்டி அழுத்தினான் அவன். நகரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். சட்டென்று வாழைப்பழத்தில் ஊசி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அவன் முகத்தில் நிம்மதி. அவள் உள்ளே போனாள். அந்த ஃபில்டரை வாங்கிப் பிரித்தாள். உள்ளிருந்த சவ்வு கிழிந்து, தடுக்க வேண்டிய ஜெல்லிக்கு வழிவிட்டிருந்தது.

“தம்பி, இத எப்பப் போட்ட?”

“காலைல, அண்ணி.”

“ராத்திரி முழுக்க ஊறணும்னு சொன்னேன்ல?”

“பாக்கத் தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. கரைஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.”

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். தெளிந்த நீருக்குள் தெளிந்த இன்னொன்று, கண்ணாடிக்குள் கண்ணாடிபோல, சோம்பலாக அசைந்தது. அவன் முகம் வெளிறிவிட்டது.

முன்தினமே ஏன் போடவில்லை என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொழிற்சாலையிலிருந்து சாம்பிள் வருவது மூன்றரைக்கு. நிறுத்துப் போட்டு முடிக்க ஐந்தாகும். அவன் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறான். கிளம்பச் சொன்னது அவள்தான். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர வேறு ஆள் கிடைக்காமல், புருஷனுக்கும் வெளியூர் வேலை என்பதால், சித்தப்பாவான அவனிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தாள். குழாய்கள் சாகத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

மேனேஜர் அறைக்குப் போகும் வழியில், பாப்பா பேச்சையே எடுக்க வேண்டாம் என்று அவன் தாழ்ந்த குரலில் கெஞ்சினான். போகிற வேலை ஒன்றாகப் போகட்டும், ரெண்டாக வேண்டாம் என்றான்.

உள்ளே போனதும் அவனே முந்திக்கொண்டான். “என் சோம்பேறித்தனம் சார். ஊற விடாமப் போட்டுட்டேன்.”

மேனேஜர் அந்த உத்தரவைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போடவா, அடித்துவிடவா என்று தெரியவில்லை. அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“சார், இவன நாலு மணிக்கு அனுப்பினது நான். பொண்ண ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர ஆளில்ல. மூணரைக்கு சாம்பிள் வந்து, மறுநாள் சாயங்காலமே ரிசல்ட் கேக்குறாங்க. எனக்கு இன்னும் ஒரு நாள் வேணும் சார்.”

“இத மொதக் குழாய் போனப்பவே கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா குடுத்திருப்பீங்களா சார்?”

“மாட்டேன்,” என்றார் மேனேஜர்.

பிறகு தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் கத்தல் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. மூன்று குழாய் போன கதையை அவர் அலுக்காமல் இரண்டு தடவை சொன்னதும் ஒரு நாள் கிடைத்தது. பழைய சாம்பிள்களையெல்லாம் திரும்பவும் ஓட்ட வேண்டும், இனி நாலு மணிக்கு யார் போனாலும் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உத்தரவு கையெழுத்தில்லாமல் இழுப்பறைக்குள் போனது.

“புதுக் குழாய் ஆறு மாசம் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அடுத்த வாரம் புதுக் குழாயை மாட்டினார்கள். பகலும் இரவும் ஊறிய முதல் சாம்பிளை ஒற்றைக் கட்டைவிரலால் அலுங்காமல் தள்ளினான் கொழுந்தன். லேசாகப் போனதே அவளுக்குப் பயமாக இருந்தது. ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தாள். சவ்வு முழுசாக இருந்தது. பிறகுதான் இயந்திரத்துக்குள் செலுத்தினாள். மணி நாலானதும் அவன் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

பள்ளி வாசலிலிருந்து போன் வந்தது. பின்னணியில் பிள்ளைகள் சத்தம்.

“ஏறுதா அண்ணி?”

“இல்ல தம்பி. பாப்பா வந்துட்டாளா?”

வந்துவிட்டாள் என்றான். போனை வைத்த பிறகும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எண் அசையாமல் நின்றது. ஆறு மாதத்தில் இன்னும் ஒரு மணி நேரம்கூடக் கழிந்திருக்கவில்லை.