ஆடி மாச ரேட்டிங்

அந்த வருஷம் ஆடி மாசத்தில் ஏலவார்குழலிக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாயடியில் குடத்தை வைத்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எங்க வூட்டுக்காரருக்கு ரேட்டிங் வரப்போவுதுக்கா. உலகத்துல செஸ் ஆடறவங்க பேரெல்லாம் அச்சடிச்சி ஒரு பட்டியல் போடுவாங்களாம். அதுல இவரு பேரும் வரும்."

"ரேட்டா? உன் புருஷனுக்கு ரேட்டு போடறாங்களா?" என்றாள் எதிர்வீட்டுப் பூவம்மாள். "கட்டுப்படியாவற ரேட்டா இருந்தா சொல்லுமா, நாங்களே வாங்கிக்கறோம்."

குழாயடியே சிரித்தது. பேர் வராமல் போனால் இந்தப் பூவம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் ஏலவார்குழலிக்கு அன்றைக்கே வந்துவிட்டது. ஆனாலும் வாயைக் கட்ட முடிந்ததா? மறுநாள் பூக்காரியிடமும் சொன்னாள்.

நடந்தது இதுதான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வரும் பந்தயம் ஒன்றுக்கு மதராஸில் இடம் கிடைக்காமல் அலைந்த செஸ் சங்கத்தார், முகூர்த்தமில்லாத ஆடியில் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்று ஈ ஓட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவரையும் ஆடவிட வேண்டும் என்றார் மண்டபத்துக்காரர். ஏலவார்குழலியின் புருஷன், பட்டு நெய்யும் குமாரசாமியை விட்டால் ஊரில் வேறு யார்? மொத்தம் பதினோரு ஆட்டம். நாலரை பாயின்ட் எடுத்தால் ரேட்டிங்.

தொல்லை ஒன்றுதான். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியாக வேண்டும். குமாரசாமி அதுவரை எதையும் எழுதி ஆடியவரல்ல. இடமிருந்து வலமாகக் கட்டங்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு வரை எண் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். இது பெரிய வித்தையா? தறிக்கு அட்டை அடிக்கும்போது டிசைன் தாளின் கட்டங்களை ஏலவார்குழலி படிக்க, அவர் துளை போடுவது பத்து வருஷப் பழக்கம். அதே மாதிரி அவள் சொல்லச் சொல்ல எழுதி, இரண்டே நாளில் தேறிவிட்டார்.

பத்து ஆட்டம் முடிந்தபோது நாலு பாயின்ட். கடைசி ஆட்டத்தை டிரா செய்து அரை பாயின்ட் எடுத்தால் போதும். எதிரே யேசுதாஸ் என்ற பாங்க் அதிகாரி. வெள்ளைக் காய் அவருக்கு, கறுப்பு இவருக்கு. தெருவே மண்டபத்தில் கூடியிருந்தது. பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் பூவம்மாளுக்குத்தான் மூச்சு முட்டியது.

குமாரசாமிக்கு இரண்டு காய் குறைவு. கையில் மிச்சமிருந்த ராணியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமிருந்து ஒரு செக், இந்தப் பக்கமிருந்து ஒரு செக் என்று எதிரி ராஜாவை விரட்டினார். திடீரென்று கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினார்.

"சார், இதே நிலை மூணு வாட்டி வந்துடுச்சி. டிரா."

"ரெண்டு தடவைதான்," என்றார் யேசுதாஸ். அவசரத்தில் அவர் கடைசிப் பத்து நகர்த்தல்களை எழுதவேயில்லை.

நடுவர் சிட்டிபாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்க தாளைப் பார்த்து முதல்லேர்ந்து ஆடிப் பார்க்கிறேன். நீங்க சொன்னது தப்புன்னா அஞ்சு நிமிஷம் அபராதம். உங்க கடிகாரத்துல மிச்சம் இருக்கறது மூணு நிமிஷந்தான்; ஆட்டமே போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"பாருங்க சார்," என்றார் குமாரசாமி.

சிட்டிபாபு வேறொரு பலகையில் காய் அடுக்கி, முதல் வரியைப் படித்தார். "வெள்ளை, டி ஏழிலிருந்து டி ஐந்து." கை அப்படியே நின்றது. "டி ஏழில் இருக்கிறது கறுப்புச் சிப்பாய் ஆச்சே! முதல் நகர்த்தலிலேயே வெள்ளை ஆடறவர் உங்க காயை நகர்த்தினாரா?"

யேசுதாஸ் சிரித்தார். மண்டபம் சிரித்தது. குமாரசாமி தாளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். அரை பாயின்ட் கைநழுவிப் போவது ஏலவார்குழலியின் கண்ணுக்கே தெரிந்தது. அதைவிட அந்த மனுஷன் விழித்த விழியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தாளில் ஒரு பிழையும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன்?

சட்டென்று புரிந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"யாரம்மா அது?"

"ஐயா, நீங்க எதிர்ப்பக்கம் உக்காந்துக்கினு படிக்கிறீங்க. தறியில உக்காந்தவங்க இடது கைப் பக்கந்தான் ஒண்ணு. அவரு உக்காந்த பக்கம் வந்து உக்காந்து எண்ணுங்க."

வெள்ளையின் பக்கமிருந்துதான் எப்போதும் எண்ண வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இதுவரை அவர் எழுதியதை யாரும் படித்ததுமில்லை.

"இது முறையில்லை," என்று யேசுதாஸ் எழுந்தார். சிட்டிபாபு தாளை மறுபடி கையில் எடுத்தார். "முறைப்படி எழுதலைதான். ஆனா என்ன நடந்ததுன்னு தாள் சொல்லுதான்னு பார்ப்போம்." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கறுப்பின் பக்கம் போனார். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. காய்கள் மளமளவென்று நகர்ந்தன. முப்பத்தொன்றில் அந்த நிலை வந்தது; முப்பத்துமூன்றில் வந்தது; முப்பத்தைந்திலும் வந்தது.

"டிரா!"

பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததை யார் மதித்தார்கள்? பூவம்மாள் போட்ட குலவையில் சமையல்கட்டிலிருந்த பூனை வெளியே பாய்ந்தது. யேசுதாஸ்கூடச் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். ஏலவார்குழலிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது.

சிட்டிபாபு விண்ணப்பப் பாரத்தை எடுத்தார். "பட்டியலுக்கு அனுப்பணும். இனிஷியல்?"

"அப்பா பேரு மாணிக்கவாசகம். எம்."

"எம். குமாரசாமி..."

"இருங்க சார். இன்னொண்ணும் போடுங்க. ஏ." குமாரசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஏலவார்குழலி."

"பெண்டாட்டி பேரிலா இனிஷியல் போடுவாங்க?"

"அவதான சார் தாளப் படிச்சா."

சிட்டிபாபு எழுதி, எழுதியதைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். "எம்.ஏ. குமாரசாமி! எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது சார்."

ஏலவார்குழலி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெளியே பூவம்மாள் தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு போனாள்: "நம்ம குமாரசாமி எம்.ஏ. பாஸ் பண்ணிட்டாருபா!"