கண்ணடிக்கும் கரடி

கரடிக் கம்பெனியின் பெட்டி பள்ளிக்குள் வந்து நாற்பத்தோரு நாள் ஆனபோது, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவரில்லாத சாப்பாடு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிச் சமையல்காரி வழக்கம்போலப் பன்னிரண்டரை மணிக்குச் சோறும் பருப்பும் ஆளுக்கொரு அவித்த முட்டையும் பரிமாறினாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அவள் பெற்ற மகள். வாயாடி என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் தட்டைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வைக்கலியேம்மா" என்றாள். முட்டை உருண்டு தரையில் விழுந்தது. விழுந்ததையும் அவள் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் கூரைதான். மூன்று வகுப்பறைகள் ஒழுகின. தலைமையாசிரியர் பதினோரு மனு எழுதினார், பதினொன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அப்போதுதான் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் காரில் வந்து இறங்கினார். பிள்ளைகள் அவருக்குக் கரடிக்காரர் என்று பெயர் வைத்தார்கள். இரண்டே வாரத்தில் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார். ஆரஞ்சு நிறக் கூரை, அதன்மேல் ஒரு கண்ணை மூடிச் சிரிக்கும் பெரிய கரடி. பதிலுக்கு அவர் கேட்டதெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஓர் ஆள் உயரப் பெட்டி வைக்க இடம். பெட்டிக்குள் விளக்கு எரியும், பித்தானை அமுக்கினால் ஆரஞ்சு கவரில் மொறுமொறு என்ற வறுவல் வந்து விழும். முதல் இரண்டு மாதம் இலவசம். அப்புறம் நோட்டுப் புத்தக அட்டையில் கரடி வந்தது, கணக்குப் பாடத்தில் கரடி மொறுமொறுவைப் பங்கு போட்டது, காலை வணக்கத்துக்குப் பிறகு கரடிப் பாட்டும் ஒன்று சேர்ந்துகொண்டது. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர், அவ்வளவுதான். மழை பெய்யும் நாட்களில் நனையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் கேட்டது கூரை, கிடைத்ததும் கூரைதானே.

சமையல்காரி மகளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாயாடி மூச்சுவிடாமல் படித்தாள். ஆறடி தூரத்தில் மொறுமொறு கவரைப் பிடித்தபோது, அதன் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் ஒன்று விடாமல் வாசித்தாள். "பார்வையில குறையே இல்ல. கண்ணு பழகினதைத்தான் பாக்கும். பழக்கம் விட்டா விட்டதுதான்" என்றார் மருத்துவர். வந்ததற்கு எதையாவது எழுதித்தர வேண்டுமே என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சமையல்காரி கண்ணில் சொட்டு விட்டாள், கெஞ்சினாள், மகளின் வாயில் தன் கையால் ஒரு கவளம் வைத்தாள். பிள்ளை அரண்டுபோய்த் துப்பியது. "இல்லாததை ஏம்மா வாயில வைக்கிற?" என்று அழுதது. அந்தப் பள்ளியில் சமையல்காரி பதினான்கு வருடமாகப் பொங்கிப் போடுகிறாள். எவர் பிள்ளையோ தின்று தெம்பாக வளர்ந்து வெளியே போயிருக்கிறது. தன் பிள்ளையே தன் சோற்றை இல்லாதது என்று துப்பியதும் அவள் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

சாயங்காலந்தோறும் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மகளை உட்கார வைத்து நிறுத்தாள். முதல் வாரம் முந்நூறு கிராம் குறைந்தது, இரண்டாம் வாரம் நானூறு. மொறுமொறுவில் முக்கால்வாசி காற்று, அதைத் தின்று என்ன சதை பிடிக்கும்? தராசு முள் இடப்பக்கம் நகர நகரச் சமையல்காரிக்குத் தூக்கம் போயிற்று. அடுப்பில் உலை கொதிப்பதைக் கவனிக்காமல் மகளின் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. தட்டின் முன்னால் வெகுநேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், முட்டையின் நிழல் போல ஏதோ தெரிகிறது என்று மகள் சில நாள் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் பட்டினி கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் பொறுப்பாள்?

ஒரு மதியம் அவள் குப்பைத் தொட்டியிலிருந்து காலிக் கவர்களைப் பொறுக்கி வந்தாள். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினாள், கொடியில் காயவைத்தாள். ஒவ்வொன்றிலும் சோற்றையும் பருப்பையும் பிசைந்து நிரப்பி, வாயை மடித்து, மேலே பழைய செய்தித்தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினாள். பள்ளி விட்டு வந்த வாயாடி மூன்று கவரைப் பிரித்துத் தின்றாள். நாலாவதையும் கேட்டாள். கம்பெனியின் கையை வைத்தே கம்பெனியின் கண்ணைக் குத்திவிட்டதாகச் சமையல்காரி நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. விஷயம் பரவியது. ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் துணிக்கொடிகளில் கரடிகள் கண்ணடித்தபடி காய்ந்தன. கரடிக்காரர் காரில் வந்தார். வழக்குப் போடப்போகிறார் என்று பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் கொடிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் வீட்டுக்கு ஒரு கட்டாகப் புத்தம்புதுக் காலிக் கவர்கள் இனாமாக வந்தன. அப்போதாவது யாருக்காவது சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. இனாமாக வந்ததை வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

கவரில்லாத எதையும் பார்க்கவேண்டிய தேவை அன்றோடு பிள்ளைகளுக்கு முடிந்தது. வாயாடி தட்டைப் பார்த்துக் கண்ணை இடுக்குவதை நிறுத்தினாள். முதலில் தம்ளர் தண்ணீர் தெரியாமல் போனது, பிறகு பழக்கடைப் பழங்கள், பிறகு பக்கத்து வீட்டுப் பூனை. அடுத்துப் போனது அப்பா. அவர் பேருந்து நடத்துனர், விடியுமுன் போய் விளக்கு வைத்தபின் வருகிறவர் என்பதால், அவர் தெரியாமல் போனதை இரண்டு நாள் யாரும் கவனிக்கவேயில்லை. அவருடைய பேருந்து மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கரடி வரைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாயாடி சமையலறைக்குள் வந்து, அடுப்பின் முன்னால் நின்றிருந்த அம்மாவைக் கடந்து, பின்கட்டுவரை போய்விட்டுத் திரும்பினாள். அம்மா என்று கூப்பிட்டாள். இங்கேதானே இருக்கிறேன் என்றாள் சமையல்காரி. "குரல் கேக்குது. நீ எங்கம்மா இருக்க?" என்றாள் மகள். சமையல்காரி அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். பிள்ளை வீறிட்டுக் கையை உதறிக்கொண்டது. கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குள் எல்லாம் தேடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து சமையல்காரியும் அழுதாள், பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று சத்தமில்லாமல்.

மறுநாள் காலை அவள் ஒரு காலிக் கவரை வெட்டி விரித்து, தன் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் வைத்துத் தைத்தாள். வழவழப்பில் ஊசி வழுக்கி இரண்டு முறை விரலில் ஏறியது. வாயாடி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள், நின்றாள், பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். எங்கே போய்விட்டாய் என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அவள் விரல்கள் தைத்த கவரின் ஓரத்தைத் தடவின. கிழிக்கும் இடம் எது என்று பார்க்கிறாள் என்பது சமையல்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"நான்தான்டி இருக்கேன்."

பிள்ளை அதை நம்பியது. திங்கட்கிழமை ஆசிரியர்களும் தைத்துக்கொண்டு வந்தார்கள், தலைமையாசிரியர் சட்டைப் பையின்மேல் ஒட்டிக்கொண்டார், நடத்துனர் தொப்பியில் குத்திக்கொண்டார். பள்ளியில் பாடம் ஒழுங்காக நடந்தது. தராசு முள் வலப்பக்கம் திரும்பியது. வருடத்துக்கு ஒருமுறை, பள்ளி திறக்கும் மாதத்தில், கம்பெனி கவரின் நிறத்தை மாற்றும். பழைய நிறம் அன்றே பிள்ளைகளின் கண்ணிலிருந்து போய்விடும் என்பதால், புதுக் கவர் எப்போது வரும் என்று ஒரு மாதம் முன்னாலிருந்தே பெற்றவர்கள் ஊசியும் நூலுமாகக் காத்திருப்பார்கள். வாயாடி ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் மட்டும், பெட்டியில் நிறம் மாறிய பிறகும், வீடுகளுக்குப் புதுக் கவர் கொண்டுவரும் லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தது. அந்த இரண்டு நாளும் அவள் நேரத்துக்கு எழுந்தாள், தலையைத் தானே பின்னிக்கொண்டாள், பெட்டியில் பித்தானை அமுக்கிச் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அம்மா எங்கே என்று ஒருமுறையும் கேட்கவில்லை.