எப்போதும் அறுபத்தெட்டு

எங்கள் கடையில் மேல்தளத்தில் விற்பார்கள், கீழ்த்தளத்தில் நான் பழுது பார்ப்பேன். மேலே கம்பளம், வாசனை, குரலைத் தாழ்த்திப் பேசும் ஆட்கள். கீழே என் மேசை, ஒரு பூதக்கண்ணாடி, பசை வாடை, சுற்றும்போதெல்லாம் முனகுகிற ஒரு மின்விசிறி. மேலே யானை விலை குதிரை விலைக்குப் போகிற ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் படியிறங்கி என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

பின்மூடியைக் கழற்றிவிட்டால் எல்லாம் ஒரே குடும்பம்தான். தங்க உறை போட்டதிலும் ரப்பர் பட்டை போட்டதிலும் அதே பேட்டரி, அதே சிப், நாடி பார்க்கிற அதே பச்சை விளக்கு. தங்கம் கறுக்காது, பேட்டரி கிழடாகிவிடும். சாதா வாட்ச் செத்துப்போனால் ஜனங்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்வார்கள். தங்க வாட்ச் செத்துப்போனால் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். உறை புதுசு மாதிரிதானே இருக்கிறது, உள்ளே மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்பார்கள். அந்த மாடலுக்கு உள்சாமான் வருவது நின்றுவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துபோனதுதான் மிச்சம். விற்றவர் மேலே சிரித்துக்கொண்டிருப்பார், பேச்சு வாங்குவது நான்.

விற்றவர் என் அண்ணன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறப்பார், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறப்பார். பணக்காரர்களிடம் விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். தயங்குகிறவர்களிடம், இதை உங்கள் பேரன் கட்டுவான் என்பார். பேரன் கட்டுவானாம். மகனுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே அது என் மேசைக்கு வந்துவிடும். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், மனசாட்சியைத் தொட்டுச் சொல், அந்த விலைக்கு அது தகுமா என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேரம் பாக்கவா வாங்குறாங்க? நாலு பேர் பாக்கணும்னு வாங்குறாங்க. அதுக்கு என்ன விலைன்னு உன்னால சொல்ல முடியுமா?"

எங்கள் நிறுத்தம் வந்தது, வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு இறங்கினார்.

மேல்தளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கவுண்டரில் நிற்கிறவர் சொந்த வாட்ச் கட்டக் கூடாது. கடை திறந்ததிலிருந்து மூடும் வரை காட்சிக்கு வைத்த தங்க வாட்ச்தான் கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும்போது கழற்றலாம், காட்டி முடித்ததும் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். தட்டில் விட்டுவிட்டு நகர்ந்தால் வேலை போகும். அண்ணனுக்கு அது அப்படியே பழகிவிட்டது. கையைக் கழுவினால்கூட உடனே துடைத்துக் கட்டிக்கொள்வார்.

சில மாதங்களாக அண்ணன் சரியில்லை. படியேறும்போது நடுவில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார். நான் பின்னால் வருவது தெரிந்தால் யாருக்கோ பதில் அனுப்புகிறவர் மாதிரி விரலை ஆட்டுவார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், நீயாவது சொல்லேன் என்று அண்ணி என்னிடம் புலம்பினாள். நானும் சொன்னேன். கரடியாகக் கத்தினேன். டாக்டரிடம் போக அவருக்கு நேரமில்லை, விடுப்பு எடுத்தால் அந்த மாத விற்பனை இலக்கு போய்விடும், அது இது என்று ஆயிரம் சாக்கு. கடைசியில் ஒரு பெரிய சாக்கு வைத்திருந்தார்.

"நாள் முழுக்க நாடியைக் கையில கட்டிக்கிட்டு நிக்கிறேன். எப்பப் பாத்தாலும் அறுபத்தெட்டு. எனக்கு என்ன வந்துச்சு?"

அதைக் கேட்டதும் அண்ணியும் நானும் வாயை மூடிக்கொண்டோம். அந்தப் பச்சை விளக்கு எவ்வளவு சரியாகக் கணக்குச் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அண்ணனை நம்பாவிட்டாலும் அதை நம்பலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு மேலேயிருந்து போன் வந்தது. தங்க வாட்சுக்கு வேறு பட்டை மாட்டிக் காட்ட வேண்டும், பட்டையைப் பிடிக்கிற ஊசி சிக்கிக்கொண்டது, வந்து எடுத்துக் கொடு என்றார் அண்ணன். குரலில் காற்று குறைவாக இருந்தது. சின்னக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

கவுண்டர் முன்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அலுத்துப்போன முகம். கணவருக்கு நெஞ்சுவலி வந்து இப்போதுதான் தேறியிருக்கிறாராம். நாடி பார்க்கிற வாட்ச் எதையும் கட்ட மாட்டேன் என்கிறாராம், அழகாக இருந்தாலாவது கட்டுவார் என்று இதைப் பார்க்க வந்திருக்கிறார். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கொடுத்தா இது அவர் நெஞ்சை நல்லாப் பாத்துக்குமா?" என்று கேட்டார்.

அண்ணன் சட்டைக் கையை மேலே ஏற்றி வாட்சைக் காட்டினார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன், இருந்தாலும் பாருங்கள், அறுபத்தெட்டு என்றார். குளிரூட்டிய அறையில் அவர் நெற்றி முழுக்க வியர்வை. உதடு வெளுத்திருந்தது. பேசி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிறகு வாட்சைக் கழற்றி வெல்வெட் தட்டில் மல்லாக்க வைத்து என் பக்கம் தள்ளினார்.

நான் குனிந்து ஊசியில் குறடு வைத்தேன். வாட்ச் தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. தட்டில் கிடந்தபடியே அறுபத்தெட்டு என்றது.

கழற்றின சூட்டில் சற்று நேரம் பழைய எண்ணையே காட்டுகிறதோ என்று காத்திருந்தேன். அறுபத்தெட்டு. தூக்கி வெறும் காற்றில் பிடித்தேன். அப்போதும் அறுபத்தெட்டு. அடியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. கடைக்காட்சிக்கென்று கம்பெனி பூட்டி அனுப்பிய வாட்ச் அது. பழுதானால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம், நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. வாங்க வருகிறவர்கள் பயப்படாத ஒரு எண்ணை அதில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது யார் நாடியையும் பார்க்கவில்லை. என் அண்ணன் மாதக்கணக்காக ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தார்.

என் கையில் இருந்ததைக் கழற்றினேன். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சாதா வாட்ச், கண்ணாடியில் கீறல், நானே பேட்டரி மாற்றிக் கட்டிக்கொண்டிருப்பது. கையை நீட்டு என்றேன். வாடிக்கையாளர் முன்னால் என்ன விளையாட்டு என்று அண்ணன் கண்ணாலேயே அதட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கட்டினேன். கை ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

வாட்ச் வெகுநேரம் தேடியது. நூற்று நாற்பது என்றது. தொண்ணூறு என்றது. மறுபடி நூற்றைம்பதுக்கு ஏறியது. பிறகு சின்னதாக அதிர்ந்து, துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் காட்டியது.

"உன் ஓட்டை டப்பாவுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன்.

தங்க வாட்சைத் தட்டின் நடுவில் வைத்து அவர் பக்கம் திருப்பினேன். அதன் மேல் யாருடைய கையும் இல்லை. அண்ணன் தட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மெதுவாக, கவுண்டர் ஆள் உட்காரவே கூடாத வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அண்ணன் கையில் இருந்த என் பழைய வாட்சைக் காட்டி, இது என்ன விலை இருக்கும் என்று தயங்கிக் கேட்டார்.

"உள்ள ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார் அண்ணன். "சாதா வாட்சையே வாங்கிட்டுப் போங்க. மிச்சத்துக்கு அவரை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கவுண்டரில் விற்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கவுண்டர் பையனிடம் சொல்லிவிட்டு டாக்சியைக் கூப்பிட்டேன். எழுந்து வரும்போதுகூட அண்ணன் தட்டில் இருந்த தங்க வாட்சை எடுத்து இன்னொரு கையில் கட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. தட்டில் விட்டுவிட்டு நகரக் கூடாதென்று கைக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் மார்பில் கம்பிகளை ஒட்டினார்கள். தலைமாட்டுத் திரையில் கோடு கன்னாபின்னாவென்று குதித்தது. எண் நூற்று ஐம்பத்திரண்டு. இடது கையில் தங்கம் அறுபத்தெட்டு என்றது. நர்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டு, இவ்வளவு விலையுள்ளது பொய்யா சொல்லும் என்று திரையின் கம்பியைச் சரிபார்க்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்து, அது வெறும் காட்சி வாட்ச் என்றேன். அவள் வாட்சைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். இதயம் வெகுநாளாகத் தாறுமாறாகத் துடித்துத் தளர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்றார். பிழைத்துக்கொள்வார், ஆனால் இனிமேல் நாள் முழுக்க நிற்கிற வேலை கூடாது என்றார். நிற்காத வேலை அண்ணனுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. செய்தி கேட்டு வந்திருந்த அண்ணி வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது கடை மேனேஜர் போன் செய்தார். கேள்விப்பட்டேன், ரொம்பக் கவலையாக இருக்கிறது என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த டிஸ்ப்ளே பீஸ் அவர் கையிலயே போயிடுச்சாமே. அது பத்திரமாத்தானே இருக்கு?"

பை என் மடியில் இருந்தது. கண்ணாடிப் பைக்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு உள்ளே அண்ணனின் திரை விட்டுவிட்டுக் கூவியது.

"அதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "அறுபத்தெட்டு."