கன்னையன் கடையில் மரியாதைப் பேச்சு

கன்னையனுக்கு அந்த ஆளைக் கண்டாலே பயமாக இருந்தது. மண்ணரை ஏரியாவில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே டீக்கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத முகமே கிடையாது. இந்த முகம் தெரியவில்லை. ஒட்ட வெட்டிய தலை, விறைத்த முதுகு. தினமும் ஓர பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, மற்றவர்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். வாயைத் திறப்பதில்லை.

"சிஐடிதானுங்க. கிராப்பப் பாத்தாலே தெரியுதே," என்று டெய்லர் ஆறுச்சாமி காதைக் கடித்தான்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. கோயமுத்தூரில் குண்டு வெடித்ததிலிருந்து கடையில் ஒரே பேச்சுதான்: முன்கூட்டியே தகவல் வந்தும் போலீஸ் கோட்டை விட்டதா? பேச்சென்றா சொல்வது! ஒருவன் போலீஸைத் திட்டுவான், இன்னொருவன் ஒரு சனத்தையே மொத்தமாக இழுத்துத் திட்டுவான். கட்டிங் மாஸ்டர் நல்லான் மண்டையில் டீ கிளாஸ் உடைந்த அன்று ஏட்டு வந்துவிட்டார். "இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, கடைக்குப் பூட்டுத்தான்."

அந்தக் கடையை விட்டால் கன்னையனுக்கு வேறு நாதியில்லை. உடனே ஒரு சட்டம் போட்டான். பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். அச்சில் இருப்பதைப் படித்த பிறகுதான் சொந்த அபிப்பிராயம். எந்தச் சனத்தையும் மொத்தமாகத் திட்டினால் டீ கிடையாது. யார் கேட்டார்கள்? பேப்பரையே பிடுங்கிக் கிழித்தார்கள், புண்ணியவான்கள்.

இந்த ஓர பெஞ்சு ஆள் வந்தான், அத்தனை வாயும் அடங்கிவிட்டது. இப்போது ஆறுச்சாமி பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போலீஸ்காரங்க அவங்களால முடிஞ்சதச் செஞ்சாங்கன்னுதான் நான் நெனைக்கறனுங்க," என்கிறான். "ரொம்பச் சரியாச் சொன்னீங்க," என்கிறான் மண்டை உடைபட்ட நல்லான். கேட்டீர்களா கூத்தை! சத்தம் நின்றதில் கன்னையனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் இவன் யார் பெயரை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறானோ என்ற பயம் ஆளைத் தின்றது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் டீயோடு போய் அவன் முன்னால் நின்றான்.

"சார் எந்த ஸ்டேசனுங்க?"

"ஸ்டேசனா? எதுத்த கம்பெனில செக்கிங் பாக்கேன்ணே. பேரு பெருமாள்சாமி, ஊரு சாத்தூர் பக்கம்."

"அப்பறம் இந்தக் கிராப்பு?"

அவன் தலையைத் தடவிக்கொண்டான். "மொட்ட போட்டது வளருது. எந்தம்பிக்கு நாந்தான் கொள்ளி வச்சேன். கோயமுத்தூருக்குத் துணி எடுக்கப் போனவன்ணே. குண்டுல போயிட்டான்."

கன்னையன் டீயைப் பெஞ்சில் வைத்தான். பாவி, இவனையா சிஐடி என்றோம்! ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தக் கடையிலதான் அதப் பத்தி வெலாவாரியாப் பேசுறாகன்னு கம்பெனில சொன்னாக," என்றான் பெருமாள்சாமி. "எனக்குப் படிக்க வராது. யாருக்கு முன்னாடியே தெரியும், எங்க கோட்ட விட்டாக, எவராச்சும் சொல்லுவீகன்னு தெனமும் வந்து உக்காந்தேன். நீங்க என்னடான்னா எல்லாரும் சரியாத்தான் செஞ்சாகன்றீக. அப்ப எந்தம்பி யாரு தப்புமில்லாமலா செத்தான்?"

கன்னையனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஏட்டு சொன்ன பூட்டும் ஞாபகம் வந்தது. விழுந்தால் விழட்டும் என்று நினைத்தான்.

"நாங்க பயந்துட்டமுங்க," என்று பெருமாள்சாமியிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு பேப்பரை எடுத்து ஆறுச்சாமி கையில் கொடுத்துச் சொன்னான்:

"தகவல் வந்துச்சா, வந்திருந்தா என்ன பண்ணுனாங்க, அதப் படி. யாரையும் திட்டாத. ஒண்ணையும் முழுங்காத."