தனக்கொடி n அழுத்தினாள்

சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் மூன்று வருஷம் பெட்டி தூக்கிய தனக்கொடியை டெஸ்பாட்ச் அறைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. ஒரு மாதம் சரியாக ஓட்டினால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி லோடு. அவள் இடுப்பு இனிமேல் லோடு தாங்காது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் சூப்பர்வைசர் அன்பழகன் வந்தார். "சாப்பாட்டு நேரத்துல அவனவன் இதுல சீட்டாடுறான். அந்த ஆட்டத்த எடுத்துடும்மா."

சிஸ்டம் பார்க்கும் ஆந்தனி, பிரான்ஸ் போகும் விசா பேப்பருக்காக இன்று லீவு. அவன் நோட்டில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். சரசரவென்று பெயர்கள் ஓடின. ஆட்டத்தோடு இன்னும் நூற்றுப்பத்து பேக்கேஜ், அதாவது உள்ளே இருக்கும் புரோகிராம்கள், போகும், சரியா என்று கேட்டது மெஷின். கேட்டால் 'சரி சார்' என்பதுதான் லோடிங் ஆட்களின் பழக்கம். படிக்காமலே Y அழுத்தினாள்.

ஆட்டம் போனது. கூடவே படம், ஐகான், மவுஸ் அம்பு எல்லாம் போயின. பிரிண்டரை ஓட்டும் பேக்கேஜும் போனது. மிச்சம், கறுப்புத் திரையும் விட்டு விட்டு மின்னும் ஒரு கோடும்.

மணி பத்தே கால். பதினோரு மணிக்கு மெட்ராஸ் லாரி. லேபிள் ஒட்டாத பெட்டி கேட்டைத் தாண்டாது.

"இன்னாடி தனம், டிவி நின்னுபோச்சா?" லோடிங் சின்னக்கண்ணு வாசலில் நின்று சிரித்தாள். "உன் சும்மாட்ட இன்னும் யாருக்கும் குடுக்கல. பத்திரமா வச்சிருக்கேன்."

"வாய மூடு. ஆந்தனி மேஜ டிராயர்ல சிஸ்டம் சீடி கெடக்கும், எடு."

இரண்டு சீடி இருந்தது. ஒன்று புதுசு, ஒன்று போன வருஷத்தது. மாற்றி மாற்றிப் போட்டு இரண்டையும் மெஷினுக்குக் காட்டினாள். படம் வராவிட்டால் போகட்டும், பிரிண்டர் ஓடினால் போதும். நோட்டில் பிரிண்டரைப் போடும் வரியைப் பார்த்து, aptitude install cups என்று அடித்தாள்.

மெஷின் யோசித்தது. புது பிரிண்டர் பேக்கேஜும் லேபிள் புரோகிராமும் ஒத்துப்போகவில்லை. லேபிள் புரோகிராமை எடுத்துவிடட்டுமா என்றது.

விரல் தானாக Y மேல் போனது. இந்தத் தடவை படித்தாள். லேபிள் போனால் பிரிண்டர் வந்து என்ன பண்ண? வாழ்க்கையில் முதல்தடவையாக, வேண்டாம் என்று n அழுத்தினாள். திட்டு விழும் என்று தோள் குறுகியது.

மெஷின் திட்டவில்லை. வேறு வழி ஒன்று காட்டியது. அப்படியென்றால் பிரிண்டரைப் போடாமல் விட்டுவிடலாமா?

"போடீ," என்று மெஷினிடம் சொல்லி மறுபடி n அழுத்தினாள்.

இன்னொரு வழி வந்தது. பழைய சீடியிலிருக்கும் பழைய பிரிண்டர் பேக்கேஜைப் போடலாம். எதையும் எடுக்க வேண்டியதில்லை.

"சின்னக்கண்ணு, இத பாரு, வேணான்னு சொன்னா கோவிச்சிக்கல. வேற சொல்லுது."

"நம்ம அன்பழகன் கிட்ட வேணான்னு சொல்லிப் பாரேன்."

இதற்கு Y அழுத்தினாள். வரிகள் மேலே ஏறின. சீடி உறுமியது. நோட்டைப் பார்த்து லேபிள் வரியை அடித்தாள். பிரிண்டர் இரண்டு தடவை முனகியது. பிறகு வெள்ளை ஸ்டிக்கர் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. கோடு, நம்பர், சென்னை. சின்னக்கண்ணு அதைக் கிழித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஓடினாள்.

பத்து ஐம்பதுக்கு அன்பழகன் தலையை நீட்டினார். "ஆட்டம் போயிடுச்சா?"

"போயிடுச்சி சார். படமும் போயிடுச்சி, பாக்காம அழுத்திட்டேன். ஆந்தனி நாளைக்கு வந்து போட்டுடுவாரு. லேபிள் வருது."

அவர் கறுப்புத் திரையைப் பார்த்தார். ஓடும் ஸ்டிக்கரைப் பார்த்தார். "சரி, சரி. ரெண்டு ஆள் கொறையுது. நீயும் வந்து பெட்டி ஏத்து."

"இல்ல சார்," என்றாள் தனக்கொடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் முந்நூறு லேபிள் ஓடணும். நான் எழுந்தா லாரி நிக்கும். வேற ஆள் பாருங்க."

அன்பழகன் வெளியே போய், பெட்டி ஏற்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.