தேதி போட்ட பதிப்பு

துடுப்பு என்பது தமிழில் இயங்கும் ஒரு லினக்ஸ், அதாவது கணினியை இயக்கும் இலவச மென்பொருள். பழைய கணினிகளை வைத்துச் சமாளிக்கும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சின்னக் கடைகளுக்குமாகப் பன்னிரண்டு பேர் சம்பளமில்லாமல் செய்துவருவது. வருஷத்துக்கு இரண்டு பதிப்புகள்: ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை. எது உள்ளே போகலாம், எது கூடாது என்று கடைசியாகச் சொல்கிறவள் உமைமா. ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளை விடுவித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் அவளுக்கு வேலை. துடுப்பு மிச்ச நேரத்தில். அவள் பொறுப்பேற்ற பிறகு வந்த ஒன்பது பதிப்புகளில் ஒன்றுகூடத் தேதி தவறவில்லை.

பத்தாவதுக்கு, அந்த ஏப்ரல் பதிப்புக்கு, மூன்று நாள் இருக்கும்போது சுகிர்தம் போன் செய்தாள். தண்டையார்பேட்டையில் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை வைத்திருப்பவள். துடுப்பை முதலிலிருந்தே பயன்படுத்துகிறவள்.

"உமைமா, உன் புதுசைப் போட்டேன். ரெண்டாவது டிஸ்க்குல இருந்ததெல்லாம் போச்சு."

உமைமா மதியம் ஆபீஸில் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். கடையில் அவளுக்கு முன்பே பெனிட்டோ வந்து கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். புதிய இன்ஸ்டாலரை, அதாவது துடுப்பைக் கணினியில் ஏற்றிக்கொடுக்கும் நிரலை, ஆறு மாதமாக எழுதியவன் அவன். அது ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாய்விட்டுக் கேட்கும். கண் தெரியாதவர்களும் துணையில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம்.

"டிஸ்க்குக்கு நம்பர் போட்டு ஞாபகம் வச்சுக்குது," என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எதுல ஏத்தறதுன்னு கேக்கசொல்லோ ஒரு நம்பர், அழிக்கசொல்லோ வேற நம்பர். இந்த மாதிரி பழைய மதர்போர்டுல மாறிக்குது. அக்கா முதல் டிஸ்க்கைத்தான் சொல்லிகீறாங்க. இது ரெண்டாவதை அழிச்சுட்ச்சு."

"சர்ச்சுல பிள்ளைங்க புதுநன்மை வாங்கறதுக்கு, நாலு குடும்பத்துக்குக் கார்டு முடிச்சு வச்சிருந்தேன்," என்றாள் சுகிர்தம். அவள் சத்தம் போடவில்லை. அது உமைமாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இது சோதனைப் பதிப்புதானே அக்கா, ஏன் கடை மெஷின்ல போட்டீங்க?" என்றாள் உமைமா.

"சனிக்கிழமைன்னு தேதி போட்டிருந்தீங்களே. தேதி போட்டா முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

இத்தனை வருஷம் தேதி தவறாததை உமைமா பெருமையாக நினைத்திருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் சுகிர்தம் போட்டிருக்கிறாள்.

"சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடுவேன்," என்றான் பெனிட்டோ. "டிஸ்க்கோட சொந்த சீரியல் நம்பரைப் பார்த்து அழிச்சா போதும். பத்து வரி."

"பண்ணிடுவே. எத்தனை மெஷின்ல போட்டுப் பார்ப்பே?"

"கைல நாலு கீது."

"அதுல இந்த மாதிரி பழசு?"

"இது ஒண்ணுதான்." பெனிட்டோ விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "அப்போ ரெண்டு வாரம் தள்ளி வை. இன்னா ஆயிடும்?"

அவள் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். போன வருஷ ஏப்ரல் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த வாரத்தோடு நிற்கின்றன. தள்ளிவைத்தால், அதை வைத்திருக்கும் நூற்றுச்சொச்சம் பள்ளிகள் திருத்தமில்லாமல் இருக்கும். மற்றப் பத்துப் பேரின் வேலையும் முடிந்துவிட்டது. அதோடு, ரெண்டு வாரம் போதுமா என்பதும் யாருக்கும் தெரியாது.

"பழைய இன்ஸ்டாலரோட சனிக்கிழமை விடறோம். உன்னோடது தயாரானப்புறம் தனியா வரட்டும்."

"ஆறு மாசம், உமைமா."

"தெரியும்."

அவன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வால்டர், திருவொற்றியூரில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியொன்றில் கணினி ஆசிரியர்; அவருக்கும் பார்வை இல்லை. புதிய இன்ஸ்டாலருக்காகவே காத்திருந்தவர். உமைமா கடை வாசலில் நின்று, லாரி போகும் சத்தத்துக்கு நடுவே, நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப அக்டோபரா?" என்றார்.

"தேதி சொல்ல மாட்டேன் சார். முப்பது விதமான மெஷின்ல ஓடணும். ஓடினதும் சொல்றேன்."

"தேதியே இல்லாம எப்படிம்மா காத்திருக்கிறது?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர், "எங்க ஸ்டோர்ல யாரோ தானம் குடுத்த டப்பா மெஷின் பதினொண்ணு கெடக்கு. உள்ள ஒண்ணும் கெடையாது, அழிஞ்சா அழியட்டும். அந்தப் பையனை அனுப்பி வை," என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பதிப்பு வெளியானது. பதிவிறக்கப் பக்கத்தில் சோதனைப் பதிப்புக்கு மேலே, இழக்க முடியாத கோப்புகள் உள்ள கணினியில் இதை ஏற்ற வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டாள் உமைமா. வெளியீட்டுக் குறிப்பில், நடந்த தவற்றை மறைக்காமல் எழுதினாள். பெனிட்டோவின் பெயரைப் போடவில்லை. பெனிட்டோ தானே வந்து அதைச் சேர்த்தான்.

அவன் அந்த வாரம் முழுக்கச் சுகிர்தத்தின் கடையில் இருந்தான். அழிந்ததில் முக்கால்வாசியை மீட்டான். மீளாமல் போன இரண்டு கார்டுகளை அவள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து புதிதாக அடித்தான். பிறகு திருவொற்றியூருக்குப் போனான்.

வால்டரின் பதினொரு கணினிகளில் மூன்று, அவன் நினைத்துப் பார்க்காத விதங்களில் கோளாறு செய்தன. ஒன்றில் "அழிக்கவா?" என்று குரல் கேட்டு முடிப்பதற்குள் அழித்தே விட்டது. தான் கேட்டபடி இரண்டு வாரம் மட்டும் தள்ளிவைத்து வெளியிட்டிருந்தால் அது எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்று பெனிட்டோ குழுவுக்கு எழுதினான். மறுநாள் உமைமா அவனுக்கு போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

முப்பது விதமான கணினிகளிலும் ஓடிய பிறகு, ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முன்கூட்டித் தேதி ஏதும் சொல்லாமல் புதிய இன்ஸ்டாலர் வந்தது. மறுநாள் காலை வால்டரிடமிருந்து குரல்செய்தி. உமைமா அதை பெனிட்டோவுக்குப் போட்டுக்காட்டினாள்.

"நாலு மெஷின் நானே ஏத்திட்டேன். பக்கத்துல ஆள் கெடையாது. கடவுச்சொல் கேக்கும்போது மட்டும் குரல் ரொம்ப வேகமாப் போவுது, அதைக் கொஞ்சம் பாருப்பா."

பெனிட்டோ இன்னொரு முறை போடச் சொன்னான். கேட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்தான்.